சுன்னிவா இழுக்கிறாள்

சுன்னிவாவை எங்கள் ட்ரியோவிலிருந்து நீக்கிய கடிதத்தை ஹால்வர்தான் எழுதினான். கீழே இரண்டு கையெழுத்துகள். இரண்டாவது என்னுடையது. இருபத்திரண்டு வருடம் ஒரே காரில் போய், ஒரே மேடையில் உட்கார்ந்து, ஒரே டப்பாவிலிருந்து ரொட்டி எடுத்துத் தின்றவளுக்கு நாங்கள் அனுப்பியது அரைப் பக்கம்.

நாங்கள் மூவரும் பெர்கன் இசைக் கல்லூரியில் ஒரே வருடம் சேர்ந்தவர்கள். ஹால்வர் பியானோ, சுன்னிவா செல்லோ, நான் வயலின். என் பெயர் ஷூர். முதல் கச்சேரி ஒரு மீன்பிடித் தீவின் பிரார்த்தனைக் கூடத்தில் நடந்தது. பத்தொன்பது பேர் வந்தார்கள். அதில் நான்கு பேர் ஹால்வரின் சொந்தக்காரர்கள். கச்சேரிக்கான கறுப்பு உடையோடு படகுத்துறையில் இறங்கி, கோட்டு காற்றில் படபடக்க நாங்கள் நின்றபோது, அங்கே மீன் கழுவிக்கொண்டிருந்த ஒரு அம்மாள், "மூணு நீர்க்காகம் வந்து இறங்கியிருக்கு பாரு" என்றாள். எங்கள் மொழியில் நீர்க்காகத்துக்கும் போக்கிரிக்கும் ஒரே சொல்தான், ஸ்கார்வ். அவள் எந்த அர்த்தத்தில் சொன்னாள் என்று திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை போட்டோம். கரை சேர்வதற்குள் எங்களுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. ஸ்கார்வ் ட்ரியோ.

அது 1988. அதற்குப் பிறகு டென்மார்க்கில் ஒரு போட்டியில் இரண்டாம் பரிசு வாங்கினோம். வானொலியில் வாசித்தோம், நான்கு இசைத்தட்டுகள் வந்தன. வருடத்துக்கு எண்பது கச்சேரி. அதில் பாதி வடக்கே பள்ளிக்கூட உடற்பயிற்சிக் கூடங்களில், பிள்ளைகளின் வியர்வை நாற்றத்துக்கும் சுருதி கலைந்த பியானோக்களுக்கும் நடுவே. மீதிப் பாதிக்கு ஜெர்மனியிலும் இங்கிலாந்திலும் நல்ல அரங்குகள் கிடைத்தன. மூவரும் ஒரே மூச்சில் வாசிக்கிறார்கள் என்று லண்டன் பத்திரிகை ஒன்று எழுதியது. சுன்னிவா அதை வெட்டித் தன் செல்லோப் பெட்டியின் உள்பக்கம் ஒட்டினாள். "ஒரே மூச்சு, சரி. யாரோட மூச்சு?" என்று கேட்டுவிட்டு ஹால்வர் வேண்டுமென்றே இருமினான்.

அவன் மூச்சுதான். அதில் எனக்கோ சுன்னிவாவுக்கோ சந்தேகம் இருந்ததில்லை. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வருகிற ஆள், சாவியைத் தொலைக்கிற ஆள், எந்தச் சந்திப்புக்கும் கால் மணி நேரம் பிந்தி வருகிற ஆள். ஆனால் பியானோ முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவனுடைய லயம் பாறை. மூன்றாவது தட்டுப் பதிவின்போது ஒன்பது நிமிட மெதுவான பகுதி ஒன்றை மூன்று தடவை வாசித்தோம். மூன்றுக்கும் நடுவே வித்தியாசம் ஒரே ஒரு வினாடி. ஒலிப்பதிவாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து எழுந்து வந்து, ஹால்வரின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "இதுல என்ன பேட்டரி போடறீங்க?" என்று கேட்டார்.

நான் பெரிய வயலின்காரன் இல்லை. தனியாக வாசித்தால் யாரும் காசு கொடுத்து வரமாட்டார்கள். ஹால்வரின் லயத்துக்குள் நின்றால் மட்டும் நான் நன்றாக வாசிப்பேன். அவனுக்குப் பக்கத்தில் என் கை தானாகச் சரியான இடத்துக்குப் போகும். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, ஆனால் என் வாழ்க்கை முழுக்க இதன் மேல்தான் நின்றது.

2009 அக்டோபரில் ஃப்ளோரோவில் வாசித்தோம். மறுநாள் காலை திரும்பி வரும்போது படகுத்துறையில் கார் வரிசையில் நின்றோம். மழை. ஹால்வர் சிகரெட் பிடிக்க இறங்கிப் போயிருந்தான். சுன்னிவா பின்சீட்டிலிருந்து முன்னால் சாய்ந்து, நேற்று அந்த மெதுவான பகுதி எவ்வளவு நேரம் போச்சு தெரியுமா என்று கேட்டாள். அதே ஒன்பது நிமிடப் பகுதி. எனக்குத் தெரியவில்லை. எட்டு நிமிடத்துக்கும் குறைவு என்றாள். ஊர்க்காரர் ஒருவர் பதிவு செய்திருந்தார், காலைச் சாப்பாட்டின்போது அவரிடமிருந்து வாங்கிக் கேட்டிருக்கிறாள்.

கூட்டத்தில் இருமல் அதிகம், அவனுக்குச் சீக்கிரம் முடிக்கத் தோன்றியிருக்கும் என்றேன்.

"ஷூர், அவன் ஓடறான். ஆரம்பத்துல சரியாத்தான் எடுக்கறான். ரெண்டு பக்கம் போனதும் ஓடறான். அப்புறம் என்னைப் பாத்து முறைக்கறான்."

முறைத்ததை நானும் பார்த்திருந்தேன். ரொட்டியைத் தின்றுகொண்டே ஜன்னலைத் துடைத்தேன். ஹால்வர் வந்து கதவைத் திறந்ததும் பேச்சு நின்றது.

அந்த வருடம் வசந்தத்தில் சுன்னிவாவின் தாய் இறந்திருந்தாள். அதை வைத்து ஹால்வர் தனக்குத்தானே ஒரு விளக்கம் கண்டுபிடித்துக்கொண்டான். அவள் மனசு கனத்துப் போயிருக்கிறது, கையும் கனத்துவிட்டது, அதனால்தான் லயத்தைப் பின்னால் இழுக்கிறாள் என்று என்னிடம் சொன்னான். அக்கறையோடுதான் சொன்னான். ஆரம்பத்தில் அவளிடமும் அப்படித்தான். "கொஞ்சம் முன்னாடி வா, சுன்னிவா. எங்கேயோ யோசனையில இருக்க." அவளும் முன்னால் வந்தாள். அவள் வந்த இடத்துக்கு அவன் வந்து சேர்ந்து, அதையும் தாண்டிப் போனான். நான் நடுவில் எப்போதும்போல அவனைத் தொடர்ந்தேன். அதனால் மூன்று பேரில் இரண்டு பேர் ஒரு வேகத்தில், ஒருத்தி மட்டும் தனி வேகத்தில். கேட்கிறவர்களுக்கு யார் தப்பு என்று தோன்றும்?

டிசம்பரில் ஒருநாள் அவள் மெட்ரோனோமை எடுத்துக்கொண்டு ஒத்திகைக்கு வந்தாள். டிக் டிக்கென்று தாளம் காட்டுகிற பழைய மரப்பெட்டி, முள் ஆடுகிற ரகம். ஒத்திகை எப்போதும் சாண்ட்விக்கனில் ஹால்வரின் வீட்டு முன்னறையில்தான். பெட்டியைப் பியானோ மேல் வைத்து முடுக்கிவிட்டாள். வாசிக்க ஆரம்பித்தோம். இருபது, இருபத்தைந்து தாளக்கட்டு வரை எல்லாரும் ஒன்றாகப் போனோம். பிறகு ஹால்வர் கையைத் தூக்கினான்.

"உன் பெட்டிக்கு வயசாயிடுச்சு. ஸ்பிரிங் தளர்ந்து போச்சு, கேக்கலையா? நிக்கப் போற மாதிரி அடிக்குது."

நான் சிரித்துவிட்டேன். உண்மையில் வேடிக்கையாக இருந்தது, அவன் முகம் அவ்வளவு நிச்சயமாக இருந்தது. சுன்னிவா என்னைப் பார்த்தாள். கதவருகே ஹால்வரின் மனைவி தூர்டிஸ் வேலைக்குக் கிளம்பிக் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தாள். அவள் மருந்துக்கடையில் மருந்தாளர். ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியேயும் அப்படியே நின்று பெட்டி அடிப்பதைக் கேட்டாள். அவள் சிரிக்கவில்லை. பிறகு குட் பை கூடச் சொல்லாமல் போய்விட்டாள்.

மார்ச்சில் நான் ஒரு காரியம் செய்தேன். வீட்டில் யாரும் இல்லாதபோது எங்கள் மூன்றாவது தட்டைப் போட்டு, சமீபத்திய கச்சேரிப் பதிவையும் போட்டு, காலால் தட்டிப் பார்த்தேன். சுன்னிவா சொன்னது முழுக்கச் சரி. அவள் ஒரு மயிரிழைகூடப் பிசகவில்லை. பழைய தட்டில் இருந்த அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள். ஹால்வர் ஓடினான். அவனோடு சேர்ந்து நானும் ஓடினேன். இரண்டையும் அணைத்துவிட்டு, அலமாரியில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? யாருடைய லயத்தை நம்பி நான் நின்றேனோ அவனிடமே போய் உன் லயம் கெட்டுவிட்டது என்றா? இது தானாகச் சரியாகிவிடும், களைப்பாக இருக்கும், ஈஸ்டர் விடுமுறையில் ஓய்வெடுத்தால் பழையபடி ஆகிவிடுவான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஈஸ்டர் கழிந்த வாரம் ஹால்வர் என்னை ஃப்ளோயன் மலைப்பாதையில் நடக்கக் கூப்பிட்டான். பாதி வழி ஒன்றும் பேசவில்லை. வழக்கத்துக்கு மாறாக மெதுவாக நடந்தான். பிறகு ஒரு வளைவில் நின்று, கீழே துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டு, சுன்னிவாவோடு இனி தன்னால் வாசிக்க முடியாது என்றான். அடுத்த வருடம் ஐந்தாவது தட்டு, ஜப்பான் பயணம் எல்லாம் இருக்கிறது, ஒவ்வொரு கச்சேரியிலும் அவளை இழுத்துக்கொண்டு ஓடுவது மூட்டை சுமக்கிற மாதிரி இருக்கிறது என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கு அது எளிதாக இருக்கவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும்.

"நீ சொல்லு ஷூர். என் காதுல தப்பா விழுதா? அப்படின்னா இப்பவே சொல்லிடு, நான் விலகிக்கறேன். நீங்க ரெண்டு பேரும் வேற ஆளைப் பாத்துக்குங்க."

அவன் உண்மையாகவே கேட்டான். அந்த வளைவில், அந்த ஒரு நிமிடம், எல்லாம் என் கையில் இருந்தது. செல்லோவுக்கு ஆள் கிடைக்கும், ஹால்வருக்குப் பதில் ஆள் கிடைக்காது என்று என் தலை கணக்குப் போட்டது. அவன் விலகினால் நான் என்ன ஆவேன் என்று பயம் வந்தது. "அவ கொஞ்சம் இழுக்கத்தான் செய்யறா" என்றேன்.

கடிதத்தை அவனே கையால் எழுதினான். டைப் அடித்தால் மரியாதையாக இருக்காது என்றான். கையெழுத்துப் போட என்னிடம் நீட்டியபோது மூக்குக்கண்ணாடியைத் தேட வேண்டியிருந்தது. வரி தொடங்கும்போது பெரிதாக இருந்த எழுத்து, வரி முடிகிற இடத்தில் எறும்பு வரிசைபோலச் சுருங்கியிருந்தது. சிரமப்பட்டுப் படித்தேன். போட்டேன்.

சுன்னிவா சண்டை போடவில்லை. இரண்டு நாள் கழித்து என் வீட்டுக்கு வந்து, என்னிடம் இருந்த தன் இசைத்தாள்களைக் கேட்டாள். எடுத்து வைத்திருந்தேன். வாசலில் நின்றபடியே வாங்கிக்கொண்டாள். உள்ளே வந்து காபி குடிக்கச் சொன்னேன். வேண்டாம் என்றாள்.

"நான் இழுக்கறேன்னு நீயும் நினைக்கறியா? அது மட்டும் சொல்லு. ஒரு வருஷமா எனக்குப் பைத்தியம் பிடிக்கற மாதிரி இருக்கு. எது சரின்னு எனக்கே தெரியல."

ஒரே வார்த்தை போதும். இல்லை என்று சொல்லியிருந்தால் போதும். ஆனால் இல்லை என்றால், பிறகு ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்பாள். "மூணு பேர் சேர்ந்து போறது சில சமயம் நடக்கறதில்ல, சுன்னிவா" என்று ஏதோ உளறினேன். அவள் தலையை ஆட்டிவிட்டுப் போனாள். கோடையில் வடக்கே போடோவில் நகராட்சி இசைப் பள்ளியில் ஆசிரியை வேலை எடுத்துக்கொண்டாள் என்று பிறர் சொல்லித்தான் தெரியும்.

செப்டம்பரில் வேமுண்ட் வந்து சேர்ந்தான். இருபத்தேழு வயது, பெர்லினில் படித்துவிட்டுத் திரும்பியவன். பளிச்சென்ற வாசிப்பு. முதல் இரண்டு வாரம் ஹால்வருக்குத் தலைகால் புரியவில்லை. இதுதான் செல்லோ, இப்போதுதான் காற்று வீசுகிறது என்றான். வேமுண்ட் இளம் கைக்காரன், ஹால்வர் எங்கே ஓடினாலும் கூடவே ஓடினான். பெரியவர்கள் இப்படித்தான் வாசிக்க விரும்புகிறார்கள்போல என்று நினைத்திருக்கிறான். மூன்றாவது வாரம் அந்த மெதுவான பகுதியை எடுத்தோம். பாதியில் அவன் வில்லை இறக்கினான்.

"மன்னிச்சுக்குங்க. நீங்க ரெண்டு பேரும் ஓடறீங்க. தெரிஞ்சுதான் ஓடறீங்களா, இல்ல தெரியாமலா? தெரிஞ்சா நான் வேற மாதிரி வில் போடணும்."

அவன் குத்திக்காட்டவில்லை. தொழில் சந்தேகம் கேட்டான், அவ்வளவுதான். ஹால்வர் சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினான். "கேட்டியா ஷூர்? நாம ஓடறோமாம்."

நான் சிரிக்கவில்லை. வயலினை மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஓடறோமா?" என்று மறுபடி கேட்டான்.

"ஆமா" என்றேன்.

"எவ்வளவு நாளா?"

"ஒரு வருஷமா. அதுக்கு மேலயும் இருக்கலாம்."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் முகத்தில் என்ன ஓடியது என்று எனக்குப் படிக்கத் தெரியவில்லை. அந்த முகம் கொஞ்ச நாளாகவே அதிகம் அசையாமல் ஆகியிருந்தது, அதையும் நான் கவனித்திருக்கவில்லை. கடைசியில் அவன் கேட்டது தன்னைப் பற்றி அல்ல.

"அப்போ சுன்னிவா?"

ஹால்வர் பியானோ மூடியை மெதுவாக இறக்கினான். வேமுண்டுக்கு ஒன்றும் புரியவில்லை, தான் ஏதோ பெரிய தப்பு செய்துவிட்டதாக நினைத்து இரண்டு தடவை மன்னிப்புக் கேட்டான்.

நவம்பரில் மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். பார்க்கின்சன் நோய். கூட நானும் போயிருந்தேன், அவனே வரச் சொன்னான். மருத்துவர் ஒரு பெண், எங்கள் வயதுதான் இருக்கும். கட்டைவிரலால் சுட்டுவிரலைத் தட்டிக்கொண்டே இருங்கள் என்றாள். ஹால்வர் தட்டினான். ஐரோப்பாவின் பாதி அரங்குகளில் கேட்ட விரல்கள். முதலில் அகலமாகத் தட்டின. பிறகு தட்டு சின்னதாகிக்கொண்டே வந்தது, வேகமாகிக்கொண்டே வந்தது, திடீரென்று ஒட்டிக்கொண்ட மாதிரி நின்றது. நடுக்கம் வருவதற்கு முன்னால் சிலருக்கு இப்படி ஆகும் என்றாள். உள்ளே இருக்கிற கடிகாரம் கெட்டுப்போகிறது, ஆனால் அது கெட்டதை அந்த ஆளால் உணர முடியாது, சரியான வேகத்தில் வருகிறவர்கள்தான் பின்தங்குகிறார்கள் என்று தோன்றும் என்றாள். ஏதாவது எழுதிக் காட்டச் சொன்னபோது ஹால்வர் தன் பெயரை எழுதினான். கடைசி எழுத்துகளைப் படிக்க முடியவில்லை.

அன்று அவனை வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவன் மேலே போய்ப் படுத்துவிட்டான். சமையலறையில் தூர்டிஸ் மீன்சூப்பைச் சூடு பண்ணி எனக்கு ஒரு கிண்ணம் வைத்தாள். தனக்கு வைத்துக்கொள்ளவில்லை.

"பத்து வருஷமா அந்த வியாதிக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கறேன்" என்றாள். "வரிசையில நிக்கறவங்க நடந்து வர்ற தினுசைப் பாத்தே சொல்லிடுவேன். வீட்டுக்குள்ள நடந்தா தெரியாதா? இடது கை வீசறதில்ல. அடுப்புல காபி கருகினா அவனுக்கு வாசனை தெரியல. அந்தப் பெட்டியை அவ கொண்டு வந்தாளே, அன்னிக்கே முடிவா தெரிஞ்சு போச்சு."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா வாசிக்கறதை விட்டுடுவான். வாசிக்காம அவன் எப்படி இருப்பான்னு எனக்குத் தெரியல. இன்னும் ஒரு மாசம், இன்னும் ஒரு மாசம்னு இருந்துட்டேன். அதுக்குள்ள நீங்க அவளை அனுப்பிட்டீங்க."

நீங்க என்று அவள் சொன்னது ஹால்வரையும் என்னையும் சேர்த்து. அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருந்த அவளுக்கும் எனக்கும் முன்பே தெரிந்திருந்தது. இருவரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம். சூப் ஆறிப்போனது.

ஜப்பான் பயணத்தை ரத்து செய்தோம். தட்டும் போயிற்று. வேமுண்ட் கொஞ்ச நாள் காத்திருந்தான். பிறகு ஓஸ்லோவில் ஒரு ஆர்கெஸ்ட்ராவில் இடம் கிடைத்துப் போனான். போகச் சொல்லி நாங்கள்தான் வற்புறுத்தினோம். மாத்திரைகள் ஹால்வருக்கு நன்றாகக் கேட்டன. போட்டு ஒரு மணி நேரத்தில் கை இளகிவிடும், இரண்டு மூன்று மணி நேரம் பழைய ஹால்வர் மாதிரியே இருப்பான். பிறகு இறங்கிவிடும். இப்போது அவனுக்கு ஒரே எண்ணம்தான் இருந்தது. சுன்னிவாவிடம் நேரில் சொல்ல வேண்டும். போனில் பேசினால் போதாதா என்றேன். "கடிதத்துல விரட்டினவளுக்குப் போன்ல மன்னிப்பா?" என்றான்.

பிப்ரவரியில் இருவரும் விமானத்தில் போடோ போனோம். பனிப்புயலில் மூன்று மணி நேரம் பிந்தியது. வருகிறோம் என்று ஹால்வர் முன்பே எழுதிக் கேட்டிருந்தான், வாருங்கள் என்று ஒரு வரி வந்திருந்தது. இசைப் பள்ளியில் அவள் அறை இரண்டாம் மாடியில். சுவரோரம் சின்னப் பிள்ளைகளுக்கான குட்டி செல்லோக்கள் வரிசையாகச் சாய்ந்திருந்தன. முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். இயந்திரத்திலிருந்து மூன்று காபி எடுத்து வந்தாள். ஹால்வரின் கோப்பையை மட்டும் பாதிதான் நிரப்பியிருந்தாள். நோயைப் பற்றி யாரோ அவளுக்குச் சொல்லியிருக்கிறார்கள்.

ஹால்வர் சொல்ல வேண்டியதைச் சொன்னான். சுற்றி வளைக்கவில்லை. நோயைக் காரணமாகவும் காட்டவில்லை. "நீ சரியா இருந்த. நான்தான் ஓடினேன். இருபத்திரண்டு வருஷம் கூட இருந்தவளை விட என் காதை நம்பினேன்" என்றான். அவள் எழுந்து வந்து அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்கள். நான் குட்டி செல்லோக்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பிறகு ஹால்வர், ஒரு பக்கம் வாசிக்கலாமா என்று கேட்டான். மாத்திரை போட்டு ஒரு மணி நேரமாகிறது, கை நன்றாக இருக்கிறது, யாருக்காகவும் இல்லை, நமக்காக ஒரே ஒரு பக்கம் என்றான். நான் வயலினைக் கொண்டுபோயிருந்தேன். எதற்கு என்று என்னையே கேட்டுக்கொள்ளாமல் கொண்டுபோயிருந்தேன். அறையில் பள்ளிக்கூடத்துச் சின்னப் பியானோ ஒன்று இருந்தது. சுன்னிவா தயங்கினாள். பிறகு தன் செல்லோவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து, கம்பளிச் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன ஒயரை எடுத்துக் காதில் மாட்டினாள்.

"அது என்ன?" என்றான் ஹால்வர்.

"டிக் டிக்தான். இது இல்லாம இப்ப எனக்கு வாசிக்க வரதில்ல." அவள் குனிந்து வில்லின் திருகை முறுக்கிக்கொண்டே பேசினாள். "பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கும்போது ஒண்ணும் இல்ல. தனியா வாசிச்சா, இது சரியா, பின்னாடி போறனா, முன்னாடி போறனான்னு ஒவ்வொரு அடிக்கும் சந்தேகம் வருது. ஒரு வருஷம் நீங்க ரெண்டு பேரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் இல்லையா? ஒரு நாள் நான் உங்க பக்கம் சாஞ்சுட்டேன். என்னை நானே நம்பாம போயிட்டேன். அது அங்கேயே நின்னு போச்சு."

"எடுத்துடு அதை" என்றான் ஹால்வர். "நான் இருக்கேன்ல."

சொன்ன பிறகுதான் அவனுக்கே உறைத்தது. அவள் சிரித்தாள். ஒயரைக் கழற்றிப் பையில் போட்டாள்.

ஹால்வர் தொடங்கினான். அந்த மெதுவான பகுதி பியானோவில் தனியாகத் தொடங்கும், எட்டுத் தாளக்கட்டு கழித்து செல்லோ சேரும். அவன் அன்று எடுத்த வேகம் எனக்கு இன்னும் உடம்பில் இருக்கிறது. மூன்றாவது தட்டில் இருந்த அதே வேகம். ஒரு துளி கூடவில்லை, குறையவில்லை. மாத்திரையோ, வேறெதுவோ, அவன் திரும்பி வந்திருந்தான். எட்டாவது தாளக்கட்டு முடிந்தது. சுன்னிவா வில்லை நரம்பின் மேல் வைத்திருந்தாள். வில் நகரவில்லை.

ஹால்வர் நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினான். மறுபடியும் அந்த இடம் வந்தது. அவள் மூச்சை இழுத்தாள், தோள் உயர்ந்தது, வில் அப்படியே நின்றது. எங்கே சேர வேண்டும் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. நூறு தடவை, ஆயிரம் தடவை சேர்ந்த இடம். மூன்றாவது முறை ஹால்வர் தொடங்கியபோது நான்காவது தாளக்கட்டிலேயே அவன் லேசாக முன்னால் சாய்வது எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டது.

"போதும் ஹால்வர்" என்றாள் மெதுவாக. அவன் கையை மடியில் வைத்துக்கொண்டான். நான் வில்லைத் தூக்கவே இல்லை.

ஹால்வர் கழிப்பறைக்குப் போனபோது நாங்கள் இருவரும் நடைவழியில் நின்றோம். கீழே யாரோ ஒரு குழந்தை எக்காளத்தில் ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப ஊதிக்கொண்டிருந்தது. நான் பேசத் தொடங்கினேன். உனக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும், மார்ச்சில் நான் தட்டுகளைப் போட்டுப் பார்த்தேன், எனக்குத் தெரியும் என்று சொன்னேன். நான் சொல்லி முடிக்கும்வரை அவள் கேட்டாள்.

"தெரிஞ்சுதான் போட்டியா கையெழுத்தை?"

தலையாட்டினேன்.

"அவனுக்கு வியாதி. உனக்கு என்னடா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போலக் கேட்டாள். ஹால்வர் சுவரைப் பிடித்துக்கொண்டு வருவது தெரிந்ததும் அவன் கையைத் தாங்கிக்கொள்ளப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு நாங்கள் மூவரும் ஒன்றாக இருந்ததில்லை. அந்தக் கோடையில் ஸ்கார்வ் ட்ரியோ கலைக்கப்பட்டதாகப் பத்திரிகையில் நான்கு வரி வந்தது, காரணம் உடல்நலம் என்று. எனக்கு ஒரு ஆர்கெஸ்ட்ராவில் இரண்டாம் வயலின் வரிசையில் கடைசி இருக்கையில் வேலை கிடைத்தது. அங்கே பதினான்கு பேர் ஒன்றாக வாசிக்கிறோம், நடத்துகிறவர் ஒருவர் முன்னால் நின்று கையசைக்கிறார், எனக்குச் சௌகரியமாக இருக்கிறது. சுன்னிவாவுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. மூன்றாவதைப் பாதியில் விட்டுவிட்டேன், எழுதியதெல்லாம் என்னைக் காப்பாற்றிக்கொள்கிற மாதிரியே வந்தது.

வியாழக்கிழமைகளில் ஹால்வரைப் பார்க்கப் போகிறேன். அவனுக்குப் பேச்சு தாழ்ந்துவிட்டது, காதைக் கிட்டத்தில் கொண்டுபோக வேண்டும். பியானோவை விற்கவில்லை, திறப்பதும் இல்லை. போன வருடம் மே மாதம் அப்படிப் போனபோது மேசையில் போடோவிலிருந்து வந்த ஒரு மிட்டாய்ப் பெட்டி இருந்தது. சுன்னிவா ஆசிரியர் கூட்டத்துக்காக பெர்கன் வந்திருக்கிறாள். செவ்வாய்க்கிழமை மதியம் முழுக்க இங்கேதான் இருந்தாளாம். அவனுக்குச் செய்தித்தாள் படித்துக் காட்டியிருக்கிறாள், தோட்டத்தில் சக்கர நாற்காலியில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு போயிருக்கிறாள், அவன் ஏதோ சொல்லி அவள் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள். இதெல்லாம் தூர்டிஸ் சொன்னாள். ஹால்வர் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தான்.

நான் வியாழன்தோறும் வருவேன் என்று அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள்.

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

தூர்டிஸ் ஹால்வருக்காக வேகவைத்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "கேக்கல ஷூர்" என்றாள். அடுத்த துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, முள் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தாள்.